மூன்றாவது ஜாடி

வாதம் என்று வந்துவிட்டால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். பெண் பார்க்க வந்த அன்றே மாமியாரை ஏதோ ஒரு விஷயத்துக்கு மறுத்துப் பேசி, "பொண்ணோட அப்பா வக்கீலா?" என்று அவரைக் கேட்க வைத்தவள் நான். அப்பாவுக்குத் தபாலாபீஸில் வேலை. அப்படிப்பட்ட நான், ஆதாரத்தையெல்லாம் திரட்டி வைத்துக்கொண்டு, எதிராளியையும் கையோடு கூட்டிக்கொண்டு போய், பேச வந்ததைப் பேசி முடிக்காமல் திரும்பியது வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான். அது நடந்தது ஹைதராபாத்தில், பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருந்த விலங்கியல் மியூசியத்தில். எதிராளி என் கணவர்.

எழுபதுகளின் பிற்பகுதி அது. அவருக்குக் காஞ்சன்பாக்கில், பாதுகாப்புத் துறைச் சோதனைக்கூடம் ஒன்றில் எஞ்சினியர் வேலை. எஞ்சினியர் என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. காலனியில் எந்தப் பெண்டாட்டிக்கும் தெரியாது. மதுரைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி நான் குவார்ட்டர்ஸுக்கு வந்த முதல் வாரமே பக்கத்து வீட்டு அக்கா என்னை உட்கார வைத்து, குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும், எந்த பஸ் கோட்டிக் கடைவீதிக்குப் போகும் என்றெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியாக இதையும் சொன்னார்.

"வீட்டுக்காரர் லேட்டா வந்தா ஏன்னு கேக்காத. மூஞ்சி சுண்டிப் போய் வந்தாலும் கேக்காத. அவங்க சொல்லக் கூடாது. நாம கேட்டா பாவம், பொய் சொல்ல வேண்டியிருக்கும். கட்டின புருஷன எதுக்குப் பொய் சொல்ல வைக்கணும்?"

எனக்கு அது நியாயமாகப் பட்டது. வாயாடி என்று பேர் வாங்கியவள், இந்த ஒன்றில் மட்டும் வாயைக் கட்டிக்கொண்டேன். சாப்பிடும்போது பாதியில் நிறுத்திவிட்டு அவர் சுவரைப் பார்த்தால், ஆபீஸ். படுக்கையில் புரண்டு புரண்டு படுத்தால், ஆபீஸ். எல்லாவற்றையும் ஆபீஸ் தலையில் கட்டிவிட்டு நான் நிம்மதியாக இருந்தேன். எங்கள் காலனியில் எல்லா வீட்டிலும் குடித்தனம் அப்படித்தான் நடந்தது.

பாம்பு வந்தது இரண்டாம் வருஷக் கோடையில். குவார்ட்டர்ஸைச் சுற்றி யானை யானையாகப் பாறைகள். வெயில் ஏறினால் பாறை இடுக்கிலிருந்து பாம்புகள் நிழல் தேடி வீட்டுப் பக்கம் வரும். எனக்கு அப்போது மூன்று மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பின்வாசல் கதவைத் திறந்தேன். துணி துவைக்கிற கல்லை ஒட்டி, என் உயரத்தைவிட நீளமாக, தடிமனாக ஒன்று கிடந்தது. தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். அவர் லுங்கியோடு ஓடி வந்து கொடிக்கம்பைப் பிடுங்கினார். பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "வேணாம் தம்பி, அவ வாயும் வயிறுமா இருக்கா, நீங்க அடிக்கக் கூடாது, வாட்ச்மேனக் கூப்பிடுங்க" என்றார். பிள்ளைத்தாச்சியின் புருஷன் எந்த உயிரையும் கொல்லக் கூடாது என்பது எங்கள் ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். அதற்குள் மூன்று அடி விழுந்துவிட்டது.

கூடியவர்கள் பார்த்துவிட்டு, நல்லபாம்பு இல்லை, சாரைதான் என்றார்கள். விஷமில்லாதது. எலி பிடிக்க வந்திருக்கும். அவர் அதை ஒரு சாக்கில் சுருட்டிக்கொண்டு, மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் எடுத்துக்கொண்டு, பாறைகளுக்குப் பின்னால் எரிக்கப் போனார். நடுவில் ஒரு முறை வீட்டுக்கு வந்து அடுக்களையில் எதையோ உருட்டிவிட்டுத் திரும்பவும் போனார். நான் உள்ளே படுத்திருந்தேன். அவர் கடைசியாக வந்து குளிக்கும்போது நன்றாக இருட்டிவிட்டது. ஏன் இத்தனை நேரம் என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் உப்புமா கிண்ட ரவையைத் தேடினால் டப்பாவைக் காணோம். ரவை ஒரு தூக்குவாளியில் இருந்தது. மசக்கை மறதியில் நானே மாற்றி வைத்திருப்பேன் என்று விட்டுவிட்டேன்.

இருபது நாள் கழித்துக் கரு கலைந்தது. ஆஸ்பத்திரியில் நாலு நாள் கிடந்தேன். ஏன் இப்படி ஆயிற்று என்று டாக்டரம்மாவைக் கேட்டதற்கு, "சில சமயம் ஆகும்மா, காரணம்னு ஒன்னும் கிடையாது" என்றார். என்னால் எந்தக் காரணத்தோடும் சண்டை போட முடியும். காரணமே இல்லை என்றால் யாரிடம் போய் வாதாடுவது? சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து அழுதேன்.

மாமியார் ஊரிலிருந்து வந்தார். என்னைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டார், அதைச் சொல்லியாக வேண்டும். பூண்டுக் குழம்பு வைத்துப் போட்டார், தலைக்கு எண்ணெய் தேய்த்து ஊற்றினார், ஒரு குடம் தண்ணீர் தூக்க விடவில்லை. பக்கத்து வீட்டு அக்கா அனுதாபத்தோடு அனுதாபமாகப் பாம்புக் கதையை அவரிடம் சொல்லி வைக்கும் வரை எல்லாம் நன்றாகத்தான் போனது.

அன்று சாயங்காலம் மகனை உட்கார வைத்து விசாரித்தார். "நல்லபாம்பு இல்லம்மா, சாரை" என்றார் இவர், அதனால் ஏதோ தண்டனை குறையும் என்பதுபோல.

"சாரையா?" என்று மாமியார் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "சாரைன்னா ஆம்பளடா. நாகந்தான் அதுக்குப் பொண்டாட்டி. சாரையில ஏது பொட்டை? நீ ஒரு நாகத்தோட புருஷனக் கொன்னுருக்க. ஒருத்தி தாலிய அறுத்துட்டு உன் வீட்டுல தொட்டில் ஆடுமா?"

எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்வதுதான் இது. சாரையும் நாகமும் பின்னிக்கொண்டு ஆள் உயரத்துக்கு நின்றதைக் கண்ணால் பார்த்ததாகச் சத்தியம் செய்கிறவர்கள் வீட்டுக்கு ஒருவர் இருப்பார்கள். நான் படித்தது பி.எஸ்ஸி. வேதியியல், பாம்பைப் பற்றிப் பாடம் எதுவும் கிடையாது. இருந்தாலும் படுத்திருந்தபடியே, "எல்லா உயிர்லயும் ஆணும் பொண்ணும் உண்டு அத்தை" என்றேன்.

"நீ பாத்தியா? பொட்டைச் சாரைய நீ கண்ணால பாத்தியா?"

பார்க்கவில்லை. அந்த ஒரு சொல்லில் நான் தோற்றுப்போனேன். அன்றைக்கு விட்டதைப் பிடிக்க எனக்கு நாலு வருஷம் ஆனது.

அந்த நாலு வருஷமும் வீட்டில் தொட்டில் ஆடவில்லை. மாமியார் கடிதத்துக்குக் கடிதம் பரிகாரம் பற்றி எழுதினார். ராமேஸ்வரத்தில் நாகப் பிரதிஷ்டை செய்ய வேண்டும், இருவரும் ஈரத்துணியோடு உட்கார்ந்து செய்த பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும். நான் ஒவ்வொரு கடிதத்தையும் படித்துவிட்டுப் பொரிந்து தள்ளுவேன். இவர் வாயே திறக்க மாட்டார். பாம்பை அடித்ததற்குப் பிறகு ஆளே மாறிப்போயிருந்தார். பின்வாசல் படியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற வழக்கத்தை விட்டார். முட்டை என்றால் உயிரை விடுகிறவர், அதையும் விட்டார். அம்மாவுக்காக ஏதோ விரதம் என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கோடை முழுக்க, ஆபீஸ் பஸ்ஸில் வந்த மற்றவர்கள் எல்லாம் வீட்டுக்குள் போய்க் காபி குடித்து முடித்த பிறகு, முக்கால் மணி நேரம் பிந்தி வருவார். ஆபீஸ் என்று நினைத்துக்கொண்டேன்.

நாலாவது வருஷம் ஒரு நாள், ராமேஸ்வரத்துக்குப் போக லீவு எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"நீங்களும் நம்புறீங்களா? படிச்சவர்தானே?"

"போய்ட்டு வருவோமே" என்றார்.

போய்ட்டு வருவது எனக்குப் பெரிய விஷயமில்லை. போனால் நான் ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும். நான் கத்தியதால் அவர் அடித்தார், அவர் அடித்ததால் என் குழந்தை போயிற்று என்று ஈரப்புடவையோடு உட்கார்ந்து நானே என் வாயால் சொன்னதாக ஆகிவிடும். அதை என்னால் செய்ய முடியாது. இவர் அதை நம்பிக்கொண்டு என் பக்கத்தில் படுத்து எழுகிறார் என்பது அதைவிடத் தாங்கவில்லை. லீவுக்கு இரண்டு மாதம் இருந்தது. அதற்குள் இவர் மனதிலிருந்து அந்தப் பாம்பைப் பிடுங்கி எறிய வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அதற்கு வழி தானாக வந்து சேர்ந்தது. நான் அப்போது காலனிப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்கு சயின்ஸ் டீச்சர். வருஷா வருஷம் பிள்ளைகளைப் பல்கலைக்கழக மியூசியத்துக்குக் கூட்டிக்கொண்டு போவது வழக்கம். அந்த வருஷம் என் முறை. மியூசியம் என்றால் பெரிய மாளிகையெல்லாம் இல்லை. விலங்கியல் துறையின் கீழ்த்தளத்தில் ஒரு நீளமான கூடம். மருந்து வாடை வாசலிலேயே மூக்கில் ஏறும். பஞ்சடைத்த கழுதைப்புலி ஒன்று, காது கிழிந்து. கண்ணாடிப் பெட்டிகளில் பறவைகள், எலும்புக்கூடுகள். சுவர் ஓரமாக அலமாரி அலமாரியாக ஜாடிகள், ஜாடிகளுக்குள் வெளுத்துப்போன மீன்களும் தவளைகளும்.

சாவியும் பொறுப்பும் ஐம்பது வயது அட்டெண்டர் ஒருவரிடம். கண்ணாடிமேல் சாய்ந்து நின்ற ஒரு தமிழ்ப் பையனை நான் தமிழில் அதட்ட, அவன் தெலுங்கில் "லேது டீச்சர்" என்று மறுக்க, அட்டெண்டர் சிரித்துவிட்டார். "எங்க வீட்டுலயும் இதே கதைதான் மேடம். நாம தமிழ்ல கேட்டா அதுங்க தெலுங்குல சொல்லும்" என்றார். செகந்திராபாத்தில் மூன்று தலைமுறையாக இருக்கிற தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பம் அவருடையது. பேச்சில் ஊர் உருது கலந்து வரும், ஏன் என்பதற்குக் கைக்கு, ஆமாம் என்பதற்கு ஹவ், வேண்டாம் என்பதற்கு நக்கோ. நல்ல ஆள் கிடைத்தார் என்று, பிள்ளைகள் கழுதைப்புலியைச் சுற்றி நிற்கும்போது மெதுவாகக் கேட்டேன்.

"சாரைப்பாம்புல பொட்டை உண்டா?"

"கைக்கு மேடம் அப்படிக் கேக்குறீங்க? பொட்டை இல்லாம குஞ்சு எங்கருந்து வரும்?"

"சாரைக்கு நாகந்தான் பொண்டாட்டின்னு சொல்றாங்களே."

"ஹவ், ஹவ், என் மாமியாரும் அதான் சொல்லும். ரெண்டு சாரை பின்னிக்கிட்டு நிக்கும். ரெண்டுமே ஆம்பளைங்க, சண்டை போடுதுங்க. ஜனங்க தூரத்துலருந்து பார்த்துட்டுக் கல்யாணம் பண்ணி வச்சுடுறாங்க."

பாம்பு அலமாரிக்குக் கூட்டிக்கொண்டு போய் இரண்டு ஜாடிகளைக் காட்டினார். இரண்டிலும் சாரை, சுருட்டி வைத்தபடி. மசியால் எழுதிய சீட்டில் ஒரே பெயர். ஒன்றில் பெயருக்குப் பக்கத்தில் அம்பு வைத்த வட்டம், ஆண். இன்னொன்றில் சிலுவை வைத்த வட்டம், பெண். நான் அந்தச் சிலுவை வட்டத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஜாடியைத் தூக்கிக்கொண்டு நேரே மாமியார் வீட்டுக்கு ரயில் ஏறிவிடலாமா என்றிருந்தது. "என் வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வந்து காட்டணும்" என்றேன். "ரெண்டாவது சனிக்கிழமை வாங்க மேடம், நான் இருப்பேன்" என்றார் அவர்.

இரண்டாவது சனிக்கிழமை என் கணவருக்கு லீவு. மியூசியம் பார்க்கலாம் என்று மட்டும் சொல்லி அழைத்துப் போனேன். ஹைதராபாத் பஸ்ஸில் பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால். கோட்டி வரை ஒரு பஸ், அங்கிருந்து வளாகத்துக்கு இன்னொரு பஸ். ஒன்றேகால் மணி நேரம் அவர் முகத்தைப் பார்க்காமல், முன் சீட்டில் உட்கார்ந்து மனதுக்குள் வாதத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். முதலில் ஆண் ஜாடி. பிறகு பெண் ஜாடி. பிறகு, "உங்கம்மா சொன்னதுல அஸ்திவாரமே போச்சு. நாகத்துக்குப் புருஷனும் இல்ல, சாபமும் இல்ல. லீவக் கேன்சல் பண்ணுங்க." நன்றாகத்தான் வந்தது.

மியூசிய வாசலில் ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போடும்போது அவர் பழக்கத்தில் சட்டைப்பையைத் தொட்டு ஆபீஸ் பாஸைத் தேடினார். தோளில் இருந்த பையைக் கழற்றி அட்டெண்டரிடம் நீட்டினார். "பை நக்கோ சார், உள்ளயே எடுத்துட்டுப் போங்க" என்றார் அட்டெண்டர். வந்த காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று இவர் என்னைப் பார்த்தார். "சொந்த வேலைன்னு எழுதுங்க" என்றேன்.

உள்ளே போனால் எதையும் விட்டுவைக்காமல் பார்க்கிறார். எனக்கானால் பாம்பு அலமாரிக்குப் போக அவசரம். ஒரு புறாவின் இறக்கை எலும்பை நீளவாக்கில் அறுத்து வைத்திருந்தார்கள், உள்ளே வெறும் குழாய், குறுக்கே மெல்லிய தாங்கல்கள். அதன் முன்னால் குனிந்து, "பாரேன், இவ்வளவு கம்மி எடையில இவ்வளவு பலம். நாங்க இதையே..." என்று ஆரம்பித்துச் சட்டென்று நிறுத்திக்கொண்டார். நானும் கேட்காததுபோல அடுத்த பெட்டிக்கு நகர்ந்தேன். அதுதான் எங்களுக்குக் கைவந்த கலையாயிற்றே.

ஒருவழியாக ஜாடிகளுக்கு முன்னால் வந்து நின்றோம்.

"இது என்ன பாம்பு?" என்றேன்.

"சாரை."

"இந்தச் சீட்டுல என்ன போட்டிருக்கு, படிங்க."

குனிந்து படித்தார். சிலுவை வட்டத்தை அவர் பார்த்துவிட்டது எனக்குத் தெரிந்தது.

"பொட்டை" என்றேன். "சாரையிலயும் பொட்டை உண்டு. உங்கம்மா சொன்ன மாதிரி..."

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

அதற்குள் அட்டெண்டர் பூட்டியிருந்த கீழ் அலமாரியைத் திறந்து ஒரு மூன்றாவது ஜாடியைத் தூக்கி வந்து மேஜைமேல் வைத்தார். "அன்னைக்குப் பசங்க இருந்தாங்கன்னு இத நான் எடுக்கல மேடம். சாருக்கு இதுக்கு மேல சாட்சி நக்கோ" என்றார்.

அதுவும் சாரைதான். அடிவயிறு நீளத்துக்கும் பிளந்து, இரண்டு பக்கமும் ஊசியால் விரித்து வைத்திருந்தார்கள். உள்ளே, ஒன்றன்பின் ஒன்றாக, நீளக் கொழுக்கட்டைகள் போல வெள்ளை முட்டைகள்.

என் கணவர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். உதடு அசைந்தது. எண்ணுகிறார் என்று புரிந்தது.

"இதுல எட்டு" என்றார். "அதுல ஒன்பது."

"எதுல?" என்று கேட்டேன்.

குரலை உயர்த்தாமல், ஜாடியைப் பார்த்தபடியே சொன்னார். "சாக்கை விரிச்சேன், எரிக்கலாம்னு. கம்பு பட்ட இடத்துல வயிறு கிழிஞ்சிருந்தது. ஒன்பது இருந்தது. ரெண்டு உடைஞ்சிடுச்சு. ஏழு நல்லா இருந்தது. அதையும் சேத்து எரிக்க எனக்கு மனசு வரல. வீட்டுக்கு வந்து ரவை டப்பாவக் கொட்டி எடுத்துட்டுப் போனேன். மண்ணப் போட்டு, உள்ள வச்சு, பாறை இடுக்குல வெயில் படுற மாதிரி வச்சேன்."

எனக்குத் தூக்குவாளி ரவை நினைவுக்கு வந்தது. "அப்புறம்?"

"தினம் பஸ்ஸ விட்டு எறங்கினதும் போய்ப் பாத்துட்டு வருவேன். எழுபத்திரெண்டு நாள்."

"நான் ஆஸ்பத்திரியில கெடந்தப்பவுமா?"

"அப்பவும்தான். உன்னப் பாத்துட்டு, அங்க போவேன். நமக்கு அப்படி ஆனப்புறம், இதாவது பொழைக்கட்டும்னு இருந்துச்சு. ஒன்னுகூடப் பொரிக்கல."

அட்டெண்டருக்குப் பாதிதான் புரிந்திருக்க வேண்டும். ஆனால் அந்தப் பாதி போதுமானதாக இருந்தது. அவர் ஜாடியின் மூடியைத் தன் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே, "வயித்துலருந்து எடுத்தது பொரிக்காது சார். தோலு முத்தியிருக்காது. யார் வச்சிருந்தாலும் பொரிக்காது" என்றார்.

"யார் வச்சிருந்தாலுமா?"

"ஹவ் சார். எங்க ப்ரொபசர் வச்சிருந்தாலும் இதான். உங்க மேல தப்பு இல்ல."

இவர் தலையாட்டினார். திரும்பத் திரும்ப ஆட்டிக்கொண்டே இருந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சொன்னதும் கிட்டத்தட்ட இதேதான், எனக்கு அப்போது அதை வாங்கிக்கொள்ளத் தெரியவில்லை. இவர் வாங்கிக்கொள்வதைப் பார்த்தபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அட்டெண்டர் மூன்றாவது ஜாடியை உள்ளே வைத்துப் பூட்டினார். நாங்கள் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து, துறை வாசலில் கல்படியில் உட்கார்ந்தோம். சனிக்கிழமையானதால் வளாகத்தில் ஆளில்லை. வேப்பம்பூ உதிர்ந்து படியெல்லாம் கிடந்தது.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றேன்.

"நீ கேக்கல" என்றார்.

குற்றம் சொல்கிற குரலே இல்லை. ஊரில் மழையா என்று கேட்டால் இல்லை என்பதுபோலச் சொன்னார். "லேட்டா வந்தேன், நீ கேக்கல. முட்டைய விட்டேன், கேக்கல. உனக்கு இதைப் பத்திப் பேச வேண்டாம்போலன்னு நினைச்சேன். கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்."

"நான் ஆபீஸ்னு நினைச்சேன்."

"ஆபீஸா?"

"ஆபீஸ் விஷயத்தக் கேக்கக் கூடாதுல்ல."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் சிரித்தார். நானும் சிரித்தேன், கண்ணீர் வந்துகொண்டிருக்கும்போதே. சிரிப்புக்கு அடியில் எனக்கு என்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. ஊரில் ஒருவரையும் விட்டுவைக்காமல் குறுக்கு விசாரணை செய்கிறவள், ஒரே கட்டிலில் படுத்த மனுஷனிடம் நாலு வருஷமாக ஒரு கேள்வி கேட்கவில்லை. அவர் பாம்பின் சாபத்தை ஒரு நாளும் நம்பவில்லை. அது பெண் பாம்பு என்பது அவருக்கு அன்றே தெரியும். நான் ஊருக்கெல்லாம் எதிராக நிரூபிக்கப் போன விஷயத்தை அவர் தனியாகச் சுமந்துகொண்டு, அம்மா சொல்வதற்கும் நான் கத்துவதற்கும் நடுவில் சும்மா இருந்திருக்கிறார்.

"அப்ப ராமேஸ்வரத்துக்கு ஏன் சரின்னீங்க?"

"யாருகிட்டயாவது சொல்லணும்போல இருந்தது. அங்க போய் உக்காந்தா சொல்லச் சொல்வாங்களே" என்றார்.

திரும்பும்போதும் பஸ்ஸில் நான் முன்னால், அவர் பின்னால்தான். ஆனால் காலனி நிறுத்தத்தில் இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல், "காட்டுங்க" என்றேன். பாறைகளுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். சீத்தாப்பழச் செடிக்கு அந்தப் பக்கம், ஒரு இடுக்கில், என் ரவை டப்பா இருந்தது. துருவேறி, விளிம்பு உதிர்ந்து, மண்ணோடு மண்ணாகப் பாதி புதைந்து. நான் உட்கார்ந்து அதைத் தொட்டுப் பார்த்தேன். வெயில் இறங்கிய பிறகும் டப்பா சூடாகவே இருந்தது. எடுக்கட்டுமா என்று கேட்டார். இருக்கட்டும் என்றேன்.

மாமியாருக்கு அவரே கடிதம் எழுதினார். சாபம், பரிகாரம் என்று எதுவும் எழுதவில்லை. அது பொட்டைப் பாம்பு அம்மா, வயிற்றில் முட்டை இருந்தது, இத்தனை நாள் சொல்லவில்லை என்று மட்டும் எழுதினார். அவர் அம்மா அதற்கு மேல் ராமேஸ்வரப் பேச்சை எடுக்கவில்லை. மகன் ஒழுங்காகச் சாப்பிடுகிறானா என்று மட்டும் என்னைக் கேட்டு எழுதியிருந்தார். பிற்பாடு எங்களுக்குப் பிள்ளை பிறந்ததா என்று கேட்பீர்கள். பிறந்தது. அதை விவரமாக எழுதினால் பாம்புக்குத்தான் பேர் போய்ச் சேரும், அதனால் எழுதவில்லை.

அதற்கடுத்த திங்கட்கிழமை அவர் அரை மணி நேரம் லேட்டாக வந்தார். செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டேன்.

"ஏன் லேட்? ஆபீஸா, ரவை டப்பாவா?"

அவர் திகைத்து நின்றார். அப்புறம், "ஆபீஸ்தான்" என்றார்.

"அப்ப சரி" என்று காபி கலக்கப் போனேன்.

அதற்குப் பிறகு அவர் ரிட்டயர் ஆகும் வரை, லேட்டாக வந்தாலும், முகம் வாடி வந்தாலும், சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாலும் இந்த ஒரு கேள்வியை நான் கேட்காமல் விட்டதில்லை. பெரும்பாலும் ஆபீஸ் என்றுதான் பதில் வரும். நானும் மேற்கொண்டு கிளற மாட்டேன். பக்கத்து வீட்டு அக்கா ஒரு முறை இதைக் காதில் வாங்கிவிட்டு, நாங்கள் ரவை டப்பாவில் எதை ஒளித்து வைத்திருக்கிறோம் என்று துளைத்தெடுத்தார். நான் சொல்லவில்லை.

பல வருஷம் கழித்து, எண்பதுகளின் கடைசியில், ஒரு சாயங்காலம் அவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றவில்லை. நான் அடுக்களையிலிருந்தபடியே வழக்கமான கேள்வியைக் கேட்டேன்.

"ரவை டப்பா" என்றார்.

அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தேன்.

"நான் செஞ்சுகிட்டிருந்த வேலைய மூடிட்டாங்க" என்றார். "இனிமே அது கிடையாது."

அது என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. அது எனக்கு இன்றுவரை தெரியாது.

"எத்தனை வருஷம்?" என்று கேட்டேன்.

"பதினொன்னு" என்றார். அப்புறம் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நான் குனிந்து அவர் செருப்பைக் கழற்றினேன்.